ஏழாம் மாதத்து நன்றியுரை

"அக்கா, உங்க மூணாவது அத்தியாயம் பூராவும் காப்பின்னு வருதே!"

பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்திருந்த எழுத்தர் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவன் "ப்ச்" என்றான். அந்தச் சின்ன ஒலி பெரியக்காவின் நெஞ்சில் ஊசிபோல் இறங்கியது.

பெரியக்கா என்பது துறையில் எல்லாரும் அவளுக்கு வைத்த பெயர். முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களில் அவள்தான் மூத்தவள். காலையில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்வாள். மதியம் பேருந்து பிடித்துப் பல்கலைக்கழகம் வருவாள். வகுப்புத் தோழர்கள் எல்லாரும் அவள் மகள் வயதுக்காரர்கள். அவர்களுக்குப் பேனா வேண்டும் என்றாலும் பெரியக்கா, காதல் முறிந்தாலும் பெரியக்கா.

"யாரைப் பார்த்துக் காப்பியாம்?" என்று கேட்டாள்.

எழுத்தர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முன்னால், அது வேறு யாருடைய எழுத்தோடாவது ஒத்துப்போகிறதா என்று இயந்திரம் சோதிக்கும். ஒத்துப்போகும் வரிகளைச் சிவப்பாக்கிக் காட்டும். மூன்றாம் அத்தியாயம் முழுக்க ரத்தக் களமாகக் கிடந்தது. ஓரத்தில், எந்தக் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது என்ற இடத்தில் ஒரு பெயர் இருந்தது.

அவளுடைய ஆய்வு நெறியாளரின் பெயர். அவர்தான் துறைத் தலைவரும்கூட.

வாசகர்களே, ஒரு தாய் பெற்ற பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, 'இது அந்த ஐயாவின் பிள்ளை, நீ திருடிவிட்டாய்' என்று ஊரே சொன்னால் அவள் நெஞ்சு என்ன பாடுபடும்! பெரியக்காவின் நெஞ்சு அப்படித்தான் துடித்தது.

"இந்தப் பருவம் முடியறதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துடுங்கக்கா. இல்லன்னா உங்க பதிவே ரத்தாயிடும். ஏற்கெனவே ஒருவாட்டி நீட்டிச்சு வாங்கியிருக்கீங்க" என்றார் எழுத்தர். "அடுத்தவங்க வாங்க."

அந்த மூன்றாம் அத்தியாயம் பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

நூலகத்தின் அடித்தளத்தில் ஒரு நீண்ட அறை உண்டு. மாணவர்கள் எழுதிக் கொடுத்ததெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். முனைவர் பட்ட ஆய்வேடுகள் தோல் அட்டையும் பொன்னெழுத்துமாகக் கண்ணாடி அலமாரிக்குள் நிமிர்ந்து நிற்கும். முதுகலை ஆய்வேடுகள் துணி அட்டையோடு இரும்பு அடுக்குகளில் சாய்ந்திருக்கும். இளங்கலைத் திட்ட அறிக்கைகள் கயிற்றால் கட்டப்பட்டுத் தரையில் கிடக்கும். கருத்தரங்கக் கட்டுரைகள், களப்பணிக் குறிப்புகள், சோதனைக்கூடப் பதிவேடுகள், சுவர் இதழ்கள், பிரிவு உபசார மலர்கள் எல்லாம் பெட்டி பெட்டியாக இருக்கும். ஒரு பல்கலைக்கழகத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று அந்த அறைக்குப் போனால்தான் தெரியும்.

பெரியக்கா அங்கே பழியாய்க் கிடந்தாள். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. எந்தத் துறை ஏட்டைத் திறந்தாலும் 'காணப்படுகிறது', 'அறியப்படுகிறது', 'எனலாம்' என்று ஒரே குரல். எழுதியவர் யார், எங்கே சிரித்தார், எங்கே அழுதார், ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் மனிதக் குரல் கேட்டது. அதுதான் நன்றியுரை.

வேதியியல் மாணவி ஒருத்தி, கதவைப் பூட்டாமல் காத்திருந்த விடுதிக் காவலாளிக்கு நன்றி சொல்லியிருந்தாள். இயற்பியல் மாணவன் ஒருவன், கடைசி அளவீடு முடியும்வரை பழுதாகாமல் இருந்த கருவிக்கு நன்றி எழுதியிருந்தான். 'பெயர் எழுத முடியாத ஒருவருக்கு' என்று ஒரே வரியோடு ஒரு கணிதக்காரன் நிறுத்தியிருந்தான். பொருளியல் ஆய்வேடு ஒன்றில், 'என் தம்பி படிப்பை நிறுத்தினான், அதனால் நான் முடித்தேன்' என்று இருந்தது. அந்த வரியைப் படித்த அன்று பெரியக்கா வீடு போய்ச் சேரும்வரை பேருந்து ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"இதைத்தான் நான் ஆராயப்போறேன்" என்று அறிவித்தபோது தலைவர் சிரித்தார். "நன்றியுரையா? அது ஆய்வேட்டுல சேர்ந்ததே இல்லையேம்மா. பல் வலிக்கு வந்தவனோட செருப்பை ஆராய்ச்சி பண்ற மாதிரி இருக்கு!"

அதே தலைவர்தான், மூன்றாம் அத்தியாயம் எழுதி முடித்ததும், "திருத்தித் தர்றேன், ஃபைலை அனுப்பு" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மாதக்கணக்கில் அவரிடமிருந்து சத்தமே இல்லை.

இப்போது அந்தச் சத்தம் சிவப்பு நிறத்தில் வந்திருந்தது.

தலைவர் அறையில் மின்விசிறி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. பாசமாகச் சிரித்தார்.

"சார், அது என்னோட அத்தியாயம்" என்றாள் பெரியக்கா.

"உன்னுது என்னுதுன்னு என்னம்மா பேச்சு? உனக்கும் எனக்கும் நடுவுல என்ன சொத்துத் தகராறா? புலத் தலைவர், அதான் டீன், அந்தப் பதவிக்கு என் பேர் போயிருக்கு. கட்டுரை குறைவா இருக்குன்னாங்க. நான் வளர்ந்தா நீயும் வளர்வ."

"என்னைத் திருடிங்கறாங்க சார், வரிசையில நிக்க வச்சு."

"அட, மெஷின் முட்டாள்மா. 'கண்ணீர்'னு வர்ற இடத்துல எல்லாம் 'விழிநீர்'னு போடு. 'அம்மா'ங்கற இடத்துல 'தாய்'னு போடு. சிவப்பு தானா மறைஞ்சிடும்."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அது வேண்டாமா? சரி, மேற்கோள் போட்டுடு. 'தலைவர் இவ்வாறு கூறுகிறார்'னு சொல்லி என் கட்டுரையை எடுத்தாண்டுக்கோ. அடுத்த வாரம் ஒப்படைப்புக்கு முந்தின கருத்தரங்கு இருக்கே, அதுல எல்லார் முன்னாடியும் அதைச் சொல்லிடு. விஷயம் முடிஞ்சுது. நான் கையெழுத்துப் போடாம உன் ஆய்வேடு இந்தக் கட்டடத்தை விட்டு வெளிய போகாது, தெரியுமில்ல?"

கடைசி வாக்கியத்தையும் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் அப்பிய கைகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"எங்க வேலையில ஒருத்தன் பூட்டின நட்டை இன்னொருத்தன் நான்தான் பூட்டினேன்னு சொல்ல முடியாது" என்றார். "சொன்னா, லிஃப்ட் சிக்கும்போது அவனைத்தான் உள்ள ஏத்துவாங்க."

"பெரிய இடத்துல மோதாதம்மா" என்றார் மாமியார். ஓய்வு பெறும்வரை பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவர். எதையும் நேருக்கு நேர் பேசிப் பழகியவர். "ரெண்டு வார்த்தையை மாத்திக் குடுத்துட்டுப் பட்டத்தை வாங்கிட்டு வந்து சேரு. இந்த வயசுல உனக்கு எதுக்கு வீம்பு?"

"வீம்பு இல்ல அத்தை. 'என் அம்மா'ன்னு ஒரு பொண்ணு அழுதுக்கிட்டே எழுதியிருக்கா. அதை நான் 'தாய்'னு மாத்தினா அவ அழுதது பொய்யாயிடும்."

"நல்லா இருக்கு! எவளோ அழுதாளாம், இவ பட்டத்தை விடறாளாம்."

இதற்குள் மகள் கைபேசியில் அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்துவிட்டாள். எதை அனுப்பினாலும் அச்சிடும் இதழ் அது. தலைப்பை மாற்றியிருந்தார்கள். பெயரை மாற்றியிருந்தார்கள். மற்றதெல்லாம் பெரியக்காவின் எழுத்துதான், முற்றுப்புள்ளி உட்பட.

மகள் சத்தமாகப் படித்துக்கொண்டே போனாள். விடுதிக் காவலாளி வந்தார். பழுதாகாத கருவி வந்தது. திடீரென்று அவள் குரல் நின்றது.

"அம்மா... இதைக் கேளேன்."

"என்னடி?"

"'எழுதும்போதெல்லாம் வயிற்றில் உதைத்து, நான் தூங்கிவிடாமல் பார்த்துக்கொண்ட என் குழந்தைக்கு நன்றி. உன் பெயர் எனக்கு இன்னும் தெரியாது' என்று ஒரு முதுகலை ஆய்வேட்டின் நன்றியுரை முடிகிறது. இதை எழுதிய மாணவி நான்தான். அப்போது எனக்கு ஏழாம் மாதம். வயிறு மேசையில் இடித்ததால் பலகையைத் தொடைமேல் வைத்து எழுதினேன்."

மகள் கைபேசியிலிருந்து நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

அது பெரியக்காவின் சொந்த நன்றியுரை. பிறருடைய மனதைத் திறந்து காட்டும்போது தன்னை மட்டும் மறைத்துக்கொள்வது நியாயமில்லை என்று நினைத்து, அத்தியாயத்தின் நடுவே தன்னைப் பற்றியும் எழுதியிருந்தாள். அந்த வரிகள் இப்போது துறைத் தலைவரின் பெயரில், அவருடைய மீசை வைத்த புகைப்படத்துக்குக் கீழே, அப்படியே அச்சாகியிருந்தன. எழுதாதவர் படிக்கவும் இல்லை. இதழ்க்காரர்களும் படிக்கவில்லை. பரிந்துரை செய்த நிபுணர்களும் படிக்கவில்லை.

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, உங்க தலைவருக்கு இப்ப எத்தனாவது மாசம்?"

கணவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. மகள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பெரியக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தக் குழந்தையின் உதை, அந்தப் பலகையின் விளிம்பு தொடையில் பதிந்த தழும்பு, வேர்வையில் காகிதம் ஒட்டிக்கொண்ட அந்தக் கோடை மதியங்கள்! அதைக்கூட விட்டுவைக்கவில்லையே!

மாமியாரின் சிரிப்பும் அடங்கிவிட்டது. மருமகளின் தோளில் கை வைத்தார். "எவளோ அழுதான்னு நினைச்சேன். அதுல நீயும் இருக்கியா? நீ ஒரு வார்த்தையும் மாத்தாத. கருத்தரங்குக்கு நானும் வர்றேன்."

கருத்தரங்கு நாள் வந்தது. அதில் தேறினால்தான் ஆய்வேட்டை ஒப்படைக்க முடியும். கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும். யாரும் வரலாம், யாரும் கேள்வி கேட்கலாம். வழக்கமாகக் கட்டாயத்துக்கு வந்த சிலர் பின்வரிசையில் கைபேசி பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் பெரியக்காவுக்குப் பேனா கடன்பட்ட பிள்ளைகள் எல்லாரும் அன்று வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் மாமியாரும் மகளும். கணவர் வேலை உடுப்போடு கதவருகில் நின்றார்.

அரங்கத்துக்குள் நுழையும் முன் நடைபாதையில் பெரியக்கா தலைவரை நிறுத்தினாள். எதிரிக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கும் குணம் அவளுக்கு.

"சார், நீங்க சொன்ன மாதிரியே மேற்கோள் போட்டுட்டேன். உங்க கட்டுரையை அப்படியே படிச்சுடவா?"

"அப்படியே படிம்மா. ஒரு எழுத்து மாத்தினாலும் அது தப்பு."

"ஒருவாட்டி நீங்க பார்த்துட்டா நல்லது சார்."

"நான் எழுதினதை நானே பார்க்கணுமா?" என்று கேட்டுவிட்டு, வெளியிலிருந்து வந்திருந்த நிபுணரை வரவேற்கப் போய்விட்டார். அந்த நிபுணர் ஒரு பேராசிரியை. மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் சிவப்புப் பேனா.

பெரியக்கா மேடை ஏறினாள். முதல் இரண்டு அத்தியாயங்களையும் சுருக்கமாகச் சொன்னாள். குரலில் நடுக்கம் இல்லை. பிறகு தண்ணீர் ஒரு வாய் குடித்தாள்.

"மூன்றாம் அத்தியாயத்துக்கு நான் ஒரு அறிஞருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். நம் துறைத் தலைவர். அவர் எழுதியதை அவர் அனுமதியோடு, ஒரு எழுத்தும் மாற்றாமல் படிக்கிறேன்."

முன்வரிசையில் தலைவர் மற்றவர்களைப் பார்த்துத் தலையை அசைத்துக்கொண்டார்.

"தலைவர் இவ்வாறு கூறுகிறார்: 'இதை எழுதிய மாணவி நான்தான். அப்போது எனக்கு ஏழாம் மாதம்.'"

யாரோ தும்மியதுபோல் ஒரு சிரிப்பு வெடித்தது.

"'வயிறு மேசையில் இடித்ததால் பலகையைத் தொடைமேல் வைத்து எழுதினேன்.'"

அவ்வளவுதான். அரங்கம் அதிர்ந்தது. மேசையைத் தட்டினார்கள். ஒரு பையன் சிரிப்புத் தாங்காமல் நாற்காலிக்கு அடியில் போய்விட்டான். தலைவரின் முகத்தில் ஈயாடவில்லை.

பேராசிரியை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சார், இது உங்க கட்டுரைதானா?"

"அது... அச்சுப்பிழை மேடம். இதழ்க்காரங்க..."

"எந்த எழுத்து பிழை சார்?" என்றாள் பெரியக்கா. "சொல்லுங்க, திருத்திக்கறேன். வயிறா? மேசையா? ஏழாம் மாசமா?"

கடைசி வரிசையில் மாமியார் எழுந்தார். "யாரு வேணா கேள்வி கேக்கலாம்னு சொன்னாங்க. நான் பிரசவ வார்டுல காலம் தள்ளினவ. ஐயாவை ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பிரசவம் சுகமா நடந்துச்சா?"

"யாருங்க இந்தம்மா? இவங்களை யாரு உள்ள விட்டது?" என்று தலைவர் கத்தினார்.

"சுகமாத்தான் நடந்துச்சு பாட்டி" என்று இன்னொரு குரல் எழுந்தது. மகள். அவள் நின்றுகொண்டிருந்தாள். "அந்தக் குழந்தை நான்தான். எங்கம்மா அதோ அங்க நிக்கறாங்க. சார் யாருன்னே எனக்குத் தெரியாது."

சிரித்துக்கொண்டிருந்த அரங்கம் அப்படியே அடங்கிப்போனது. ஆமாம், வாசகர்களே! அந்த அமைதியில் சில பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாற்காலிக்கு அடியில் கிடந்த பையன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

பெரியக்கா மகளைப் பார்த்தாள். கண் நிறைந்தது. ஆனால் குரல் உடையவில்லை.

"மேடம், இந்த அத்தியாயத்துல ஒரு வார்த்தையும் நான் மாத்தப்போறதில்லை. கண்ணீர் கண்ணீராவே இருக்கும். என் பதிவை ரத்து பண்ணணும்னா பண்ணிக்கட்டும். பட்டம் இல்லாம இத்தனை வருஷம் வாழ்ந்துட்டேன், மிச்சத்தையும் வாழ்ந்துடுவேன். ஆனா என் வயித்துல இருந்ததுக்கு இன்னொருத்தர் பேரைப் போட்டு நான் மேற்கோள் காட்ட மாட்டேன்."

பேராசிரியை சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, முதல் ஆளாகக் கைதட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கதைகளில் வருவதுபோல் சட்டென்று நடக்கவில்லை. தலைவரை யாரும் தூக்கிலிடவில்லை. அவர் மருத்துவ விடுப்பில் போனார். எந்த வார்டு என்று துறையில் பிள்ளைகள் கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். புலத் தலைவர் பதவி வேறு ஒருவருக்குப் போனது; துறைத் தலைவர் நாற்காலியும் கைமாறியது. கட்டுரை 'தொழில்நுட்பக் காரணங்களால்' இதழிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போனது. விசாரணைக் குழு கூடியது, கலைந்தது, மறுபடி கூடியது. பெரியக்காவின் பதிவை ரத்து செய்யவில்லை. ஆனால் புது நெறியாளரைத் தேடி அவள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. 'அந்தம்மாவா? வேண்டாம்ப்பா' என்று கதவைச் சாத்தியவர்கள் நிறைய. கடைசியில் துறைக்குப் புதிதாக வந்த ஓர் இளம் ஆசிரியை, அவளைவிட வயதில் சின்னவர், "வாங்கக்கா, எனக்குப் பயமில்ல" என்றார்.

ஆய்வேடு மறுபடியும் இயந்திரத்துக்குள் போனது. அதே எழுத்தர், அதே கண்ணாடித் தடுப்பு.

"இப்பவும் ரெண்டு வரி சிவப்பாத்தான் இருக்குக்கா" என்றார்.

"யாரைப் பார்த்துக் காப்பியாம்?"

"உங்களோட பழைய முதுகலை ஆய்வேட்டைத்தான்."

"அது இருக்கட்டும்" என்றாள் பெரியக்கா. "அந்தச் சிவப்பு என்னுது."

கடைசியாக ஒரே ஒரு பக்கம் மிச்சமிருந்தது. நன்றியுரை. நெறியாளருக்கும் துறைத் தலைவருக்கும் முதலில் நன்றி சொல்ல வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். அடித்தளத்து அறையில் எந்த ஏட்டைத் திறந்தாலும் முதல் வரி அதுதான். ஆராய்ந்தவளுக்கே தெரியாதா?

பெரியக்கா எழுதினாள். முதலில் வயிற்றில் உதைத்தவளுக்கு. இப்போது அவள் பெயர் தெரியும். பிறகு மாமியாருக்கு. "என் பேரை ஒழுங்கா எழுது, நர்ஸுன்னு போடு" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். பிறகு கிரீஸ் கைகளோடு கதவருகில் நின்றவருக்கு. காவலாளிக்கு நன்றி சொன்ன மாணவிக்கு. தம்பி படிப்பை நிறுத்தியதால் முடித்த அந்தப் பொருளியல்காரருக்கு. பயமில்லை என்ற இளம் ஆசிரியைக்கு. எல்லாருக்கும் பிறகு, பக்கத்தின் அடியில் ஒரு வரி:

'என் அத்தியாயத்தைப் படிக்காமலே தன் பெயரில் அச்சிட்ட முன்னாள் துறைத் தலைவருக்கும் நன்றி. அவர் படித்திருந்தால் நான் தோற்றிருப்பேன்.'

இளம் ஆசிரியை அதைப் படித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை அடக்கி, அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் 'இது அவசியமா அக்கா?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

பெரியக்கா பேனாவை எடுத்தாள். கேள்விக்குக் கீழே 'அவசியம்' என்று மையால் எழுதி, பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டு, பல் மருத்துவமனைக்குக் கிளம்பிப் போனாள்.